முந்திக் காய்ப்பதும் மிகுந்து காய்ப்பதும்: வெண்டையில் ஒட்டு வீரியம்

மதுரைப் பக்கத்து விதைக் கடைகளில் வெண்டை விதை வாங்க வருகிறவர்கள் இரண்டு விஷயங்களைத் தவறாமல் விசாரிப்பார்கள். எத்தனை நாளில் காய் எடுக்கலாம்? ஏக்கருக்கு எவ்வளவு தேறும்? ரகத்தின் பெயர்கூட அப்புறம்தான். உசிலம்பட்டி, செல்லம்பட்டி, அலங்காநல்லூர், திருமங்கலம் வட்டாரங்களில் கிணற்றுத் தண்ணீரை நம்பி அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று வெண்டை போடுகிற குடும்பங்களுக்கு இந்த இரண்டும்தான் வரவு செலவைத் தீர்மானிக்கின்றன. வெண்டையில் ஒட்டுச் சேர்க்கை, அதாவது ஒரு ரகத்தின் பூவில் இன்னொரு ரகத்தின் மகரந்தத்தைச் சேர்த்து விதை எடுக்கும் வேலை, செய்யும் ஆய்வாளர்களும் இதே இரண்டைத்தான் அளக்கிறார்கள். முதல் பூ வர எத்தனை நாள் ஆனது, எத்தனையாவது கணுவில் வந்தது, செடிக்கு எத்தனை காய், எவ்வளவு எடை என்று அவர்கள் எழுதிவைக்கும் பட்டியல் அந்தக் கேள்விகளின் விரிவுதான்.

முந்திக் காய்ப்பதும் மிகுந்து காய்ப்பதும் ஒரே விதையில் கிடைக்குமா? ஓர் எல்லை வரை கிடைக்கும் என்பது என் கருத்து. அந்த எல்லை செடியின் அமைப்பிலேயே இருக்கிறது.

வெண்டையில் இலைக்கக்கத்துக்கு, அதாவது இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்குக்கு, ஒரு பூ. தண்டு நீள நீளக் கணு கூடுகிறது, கணுவோடு சேர்ந்து பூவும் கூடுகிறது. ஆனால் அடியில் உள்ள முதல் சில கணுக்களில் பூ வராது. நான்காம் ஐந்தாம் கணுவிலேயே பூக்கத் தொடங்கும் செடி முந்திக்கொள்ளும். எட்டாம் கணு வரை வெறும் இலையாகவே போகிற செடி பிந்தும். ஆகவே, முந்துவது என்றால் நாள் கணக்கு மட்டும் இல்லை, வீணாகும் கணுக்கள் குறைவதும்தான். பூத்த 5 முதல் 7 நாளில் காய் பறிக்கும் பக்குவத்துக்கு வந்துவிடும். அதைத் தாண்டினால் நார் ஏறும். நம் சந்தையில் வாங்குகிறவர்கள் நுனியை ஒடித்துப் பார்ப்பார்கள், ஒடியாத காயை ஓரமாக ஒதுக்கிவிடுவார்கள். பறிக்காமல் விட்ட காய் இன்னொரு கெடுதலும் செய்கிறது. செடி அந்தக் காயின் விதையை முற்ற வைக்கும் வேலையில் இறங்கி, மேலே புதுப் பூ விடும் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதனால்தான் ஒருநாள் விட்டு ஒருநாள், சுனை அரிக்காமல் இருக்கக் கையில் துணி சுற்றிக்கொண்டு, விடியலிலேயே காய் எடுப்பு நடக்கிறது.

விதைத்து 45 நாளில் முதல் எடுப்பு, 100 நாளோடு வயல் முடிகிறது என்று வைத்துக்கொண்டால் இடையில் சுமார் 27 எடுப்புகள். பூப்பு 6 நாள் முந்தினால் கூடுதலாக 3 எடுப்பு கிடைக்கும். அதாவது அதே நிலம், அதே கிணறு, ஆனால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் வாய்ப்பு. ஆரம்ப எடுப்புகளில் காய் குறைவாகத்தான் இருக்கும், ஆகவே எடையில் அதே விகிதம் வராது. இருந்தாலும் வட்டாரத்தில் எல்லோருடைய காயும் ஒரே நேரத்தில் வந்து குவிவதற்கு முன்னால் நாலு மூட்டை சந்தைக்குப் போய்விடும். மாட்டுத்தாவணிக்கோ பரவைக்கோ காய் கொண்டுபோகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. 1999 நவம்பர் 14 அன்று தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை மதுரை அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் தொடர்ந்து காய் தருகிற வெண்டை போன்ற பயிர் அப்படி நேரடியாக விற்பதற்கு மிகவும் தோதானது.

விளைச்சல் என்பது காய்களின் எண்ணிக்கையை ஒரு காயின் எடையால் பெருக்கி வருவது. இரண்டையும் கூட்டலாம் என்று தோன்றும். ஆனால் வெண்டையில் எடையைக் கூட்டுவதற்குச் சந்தையே தடை போடுகிறது. 15 முதல் 20 கிராம் வரை உள்ள பிஞ்சுக்குத்தான் விலை, அதற்கு மேல் பெருத்தால் முத்தல் என்று பெயர் வாங்கிவிடும். எனவே வெண்டையில் விளைச்சலைக் கூட்டும் வேலையின் பெரும்பகுதி காய் எண்ணிக்கையைக் கூட்டும் வேலைதான். அதற்குக் கணுக்கள் நெருக்கமாக இருக்க வேண்டும், பக்கக் கிளை இரண்டு மூன்றாவது இருக்க வேண்டும், செடி நீண்ட நாள் தளராமல் நிற்க வேண்டும்.

இங்கேதான் இழுபறி. சீக்கிரம் பூக்கிற செடி, சீக்கிரமே காய்க்கும் பாரத்தையும் ஏற்றுக்கொள்கிறது. இலையும் வேரும் போதுமான அளவு பெருகும் முன்பே சத்தெல்லாம் காய்க்குப் போனால் செடி குட்டையாகவே நின்று சீக்கிரம் ஓய்ந்துவிடும். பிந்திப் பூக்கிற செடி முதலில் உடம்பைக் கட்டிக்கொண்டு அப்புறம் நிதானமாக நிறையக் காய்க்கும். சாதாரணத் தேர்வு முறையில் ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று கொஞ்சம் நழுவும். ஒட்டு வீரியம் உதவுவது இந்த இடத்தில். இளம் பருவத்திலேயே இலையும் வேரும் வேகமாகப் பெருகினால், ஆறு நாள் முந்திப் பூத்தாலும் செடியால் தாங்க முடியும்.

சரி, ஒட்டு வீரியம் என்றால் என்ன? குணத்தில் வேறுபட்ட இரண்டு பெற்றோரைச் சேர்த்தால் பிறக்கும் முதல் தலைமுறை, வளர்ச்சியிலோ விளைச்சலிலோ வேகத்திலோ பெற்றோரை மிஞ்சுவது. தன்மகரந்தச் சேர்க்கையில் பிறந்த செடிகளைவிட அயல்மகரந்தச் சேர்க்கையில் பிறந்தவை பல இனங்களில் வலுவாக இருப்பதை 1876-இல் டார்வின் விரிவாக எழுதினார். மக்காச்சோளத்தில் தொடர்ந்து தன்மகரந்தச் சேர்க்கை செய்தால் நலிந்துபோகும் வரிசைகள், ஒன்றோடொன்று சேர்ந்ததும் வீறுகொண்டு எழுவதை 1908-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் ஷல் காட்டினார். இந்தியாவில் வெண்டைக்கு இது பொருந்தும் என்று 1946-இல் விஜயராகவனும் வாரியரும் பதிவுசெய்தார்கள். காயின் அளவு, எடை, எண்ணிக்கை மூன்றிலும் ஒட்டுச் செடிகள் மிஞ்சியதை அவர்கள் கண்டார்கள். சுதந்திரத்துக்கு முன்பே நம் நாட்டில் வெண்டையில் தொடங்கிவிட்ட வேலை இது என்பதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கு நூறு ஆண்டுக்கும் மேலாக இரண்டு விளக்கங்கள் போட்டியிடுகின்றன. செடியில் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதிகளாக இருக்கிறது, தாய் வழியில் ஒன்று, தந்தை வழியில் ஒன்று. தலைமுறை தலைமுறையாகத் தன்னுடனேயே சேரும் செடியில் இரண்டு பிரதிகளும் ஒரே மாதிரி ஆகிவிடும். அதில் பலவீனமான பிரதி இரட்டையாக அமைந்துவிட்ட இடங்களில் செடிக்குக் குறை தெரியும். வேறு ஒரு பெற்றோரைச் சேர்க்கும்போது, இந்தப் பெற்றோரின் பலவீனத்தை அந்தப் பெற்றோரின் ஓங்கிய பிரதி மூடிவிடுகிறது, அதன் பலவீனத்தை இது மூடுகிறது. இது ஒரு விளக்கம். இரண்டாவது விளக்கம், ஓரிடத்தில் இரண்டு வேறு வேறு வடிவங்கள் சேர்ந்திருப்பதே தனி பலம் என்கிறது. இவற்றோடு, ஒரு மரபணு இன்னொன்றின் செயலை மாற்றுவதும் சேர்கிறது. எந்தப் பயிரிலும் முழு உண்மை இந்த மூன்றின் கலவையாகத்தான் இருக்கும்.

விவசாயிக்கு இதில் என்ன வந்தது என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது. முதல் விளக்கமே பெரும்பாலும் சரி என்றால், நல்ல பிரதிகள் எல்லாவற்றையும் மெல்ல மெல்ல ஒரே செடியில் சேர்த்து, விதை எடுத்து மறுபடி விதைக்கக்கூடிய சாதாரண ரகமாகவே ஒட்டுக்கு இணையான ஒன்றை உருவாக்க முடியும். இரண்டாவது விளக்கம் சரி என்றால் ஒவ்வொரு பருவமும் ஒட்டு விதை வாங்கித்தான் ஆக வேண்டும். ஆகவே எந்த விளக்கம் எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்பது, வருங்காலத்தில் விதை யார் கையில் இருக்கும் என்ற கேள்வியோடு நேராகத் தொடர்புள்ளது.

வெண்டையைப் பொறுத்தவரை முதல் விளக்கத்துக்கு வலு சேர்க்கும் ஒரு விஷயம் உண்டு. மக்காச்சோளத்தைப் போல இது தன்மகரந்தச் சேர்க்கையில் நலிந்துபோவதில்லை. வெண்டைப் பூ காலையில் விரியும், பிற்பகலில் மூடிவிடும். பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். தேனீக்கள் வந்து போவதால் 4 முதல் 19 சதவீதம் வரை அயல்மகரந்தச் சேர்க்கையும் நடக்கிறது, சில இடங்களில் 42 சதவீதம் வரை போனதாகவும் பதிவு உண்டு. இப்படித் தன்னோடு சேர்ந்தே பல தலைமுறை கடந்த பயிரில், மோசமான பிரதிகள் பெரும்பாலும் ஏற்கெனவே வடிகட்டப்பட்டிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. வெண்டையில் பெரும்பாலும் 130 குரோமோசோம்கள். இரண்டு வேறு காட்டு இனங்கள் எப்போதோ சேர்ந்து, இரண்டின் முழுத் தொகுதியும் ஒன்றாகி உருவான பயிர் இது என்பது ஆய்வாளர்கள் பரவலாக ஏற்கும் கருத்து. அப்படியானால் நாம் தூய ரகம் என்று சொல்லும் வெண்டைகூட உள்ளுக்குள் ஒரு நிரந்தர ஒட்டுதான். அதனால், மக்காச்சோளத்தில் வந்ததைப் போல ஒட்டு விதை எல்லாவற்றையும் தலைகீழாக்கும் என்று வெண்டையில் எதிர்பார்ப்பது நியாயமில்லை. கிடைக்கும் லாபம் உண்மையானது, ஆனால் அளவானது. யாராவது அளவில்லாத எண்ணைச் சொன்னால் அந்த எண் எதனோடு ஒப்பிட்டு வந்தது என்று கேட்க வேண்டும்.

ஏனென்றால் ஒட்டு வீரியத்தின் சதவீதத்துக்கு மூன்று அளவுகோல்கள் இருக்கின்றன. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். தாய் ரகம் செடிக்கு 300 கிராம் காய்க்கிறது, தந்தை ரகம் 400 கிராம். இரண்டின் சராசரி 350. ஒட்டு 420 கிராம் காய்த்தால், பெற்றோர் சராசரியைவிட 20 சதவீதம் அதிகம். ஆனால் நல்ல பெற்றோரோடு மட்டும் ஒப்பிட்டால் 5 சதவீதம்தான் அதிகம். அந்த ஊரில் விவசாயிகள் ஏற்கெனவே விதைத்துவரும் ரகம் செடிக்கு 450 கிராம் தருகிறது என்றால், நம் புது ஒட்டு அதைவிட 7 சதவீதம் அளவுக்குக் குறைவு. செடி ஒன்றுதான், விளைச்சலும் ஒன்றுதான். 20, 5, கழித்தல் 7 என்று மூன்று எண்களும் உண்மைதான். முதல் எண் மரபியல் ஆய்வுக்குத் தேவை, இரண்டாவது ஒட்டுச் சேர்க்கை பயனுள்ளதா என்று சொல்லும். விதை வாங்குகிறவருக்குப் பயன்படுவது மூன்றாவது மட்டுமே. விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் வருவது பெரும்பாலும் மூன்றாவது இல்லை என்பது வருத்தமான விஷயம்.

முந்திக் காய்ப்பதில் குறி தலைகீழாகிறது. பூக்கும் நாள், முதல் பூ வரும் கணு ஆகியவற்றில் குறைவதுதான் நல்லது. ஆகவே ஆய்வு அட்டவணைகளில் அந்த வரிசைகளில் கழித்தல் குறி உள்ள ஒட்டுகளைத்தான் தேட வேண்டும். தாய் 42 நாளிலும் தந்தை 48 நாளிலும் பூக்க, ஒட்டு 42 நாளில் பூத்தால் சராசரியைவிட 7 சதவீதம் அளவுக்கு முந்தியது என்று எழுதலாம். ஆனால் முந்திய பெற்றோரைவிட ஒரு நாள்கூட முந்தவில்லை. பல சமயம் முந்தும் குணத்தில் நடப்பது இவ்வளவுதான். முந்திய பெற்றோரின் வேகத்தை ஒட்டு இழக்காமல் காப்பாற்றிக்கொள்கிறது, அதோடு மறு பெற்றோரின் நீண்ட காய்ப்பையும் சேர்த்துக்கொள்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வெண்டையில் ஒட்டு தரக்கூடிய மிகப் பயனுள்ள உதவி அதுதான் என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் பெற்றோரை எப்படித் தேர்வது? முந்தும் ரகம் ஒன்று, அதிகம் காய்க்கும் ரகம் ஒன்று என்று எடுத்துச் சேர்த்தால் போதும் என்று தோன்றும். நடைமுறை அப்படி இல்லை. தான் நன்றாகக் காய்க்கும் ரகம் நல்ல பெற்றோராகவும் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. 1942-இல் மக்காச்சோள ஆய்வில் ஸ்பிரேகும் டேட்டமும் இதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். யாரோடு சேர்த்தாலும் சராசரியாக நல்ல பிள்ளை தரும் திறன் ஒன்று, குறிப்பிட்ட ஒரு துணையோடு மட்டும் எதிர்பார்ப்பை மிஞ்சும் திறன் இன்னொன்று. முதல் வகை வலுவாக இருந்தால் அந்தப் பெற்றோரிலிருந்து தேர்ந்தெடுத்துத் தூய ரகம் உருவாக்கலாம். இரண்டாவது வகை தனியே ஓங்கி நின்றால் ஒட்டாகத்தான் பயன்படுத்த முடியும். இதைக் கண்டுபிடிக்க எட்டு, பத்து ரகங்களை ஒன்றோடொன்று சேர்த்து, எல்லா ஒட்டுகளையும் பெற்றோரோடு சேர்த்து ஒரே வயலில் விதைத்து அளப்பதைத் தவிர வேறு வழியில்லை. எட்டு ரகம் என்றால், தாயையும் தந்தையையும் இடம் மாற்றிச் சேர்க்காமல் ஒரு திசையில் மட்டுமே 28 ஒட்டுகள்.

மதுரைக்கு இந்தக் கதையில் தனி இடம் உண்டு. யானைமலை அடிவாரத்தில் ஒத்தக்கடையை ஒட்டி, 1965 முதல் இயங்கிவரும் வேளாண்மைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது எம்.டி.யு. 1 என்ற வெண்டை ரகம். பூசா சவானி ரகத்தில் சடுதிமாற்றத்தை, அதாவது மரபணுவில் திடீர் மாறுதலை, தூண்டி, அதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. பின்னர் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம், மராத்வாடாவின் பர்பானி கிராந்தி ரகத்தோடு இந்த எம்.டி.யு. 1 ரகத்தைச் சேர்த்துத்தான் கோ 3 என்ற வீரிய ஒட்டை உருவாக்கியது.

இந்த ஜோடியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பர்பானி கிராந்தியும் பூசா சவானியின் வழியில் வந்ததுதான். பூசா சவானியை ஒரு காட்டு வெண்டை இனத்தோடு சேர்த்து, மறுபடி மறுபடி பயிர் வெண்டையோடு கலந்து எடுத்தது. ஆக, கோ 3 ரகத்தின் தாய்க்கும் தந்தைக்கும் ஒரே பாட்டன். பெற்றோர் எவ்வளவு தூரத்து உறவோ அவ்வளவு வீரியம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விதி. இங்கே உறவு நெருக்கம். இருந்தும் ஒட்டு வெளியிடும் தகுதியோடு வந்தது என்றால், வேறுபாடு எத்தனை இடங்களில் இருக்கிறது என்பதைவிட எந்த இடங்களில் இருக்கிறது என்பதுதான் முக்கியம் என்று தோன்றுகிறது. ஒரு பக்கம் காட்டு இனத்திலிருந்து வந்த நோய் தாங்கும் குணம், மறு பக்கம் சடுதிமாற்றத்தில் கிடைத்த குணங்கள். அந்தச் சில இடங்களே போதுமானதாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

நோய் என்றதும் மஞ்சள் நரம்புத் தேமலைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 1924-இலேயே பம்பாய் மாகாணத்தில் பதிவான நோய் இது. வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் இலை நரம்புகளை மஞ்சளாக்கி, கடைசியில் காயையும் வெளுக்க வைத்துவிடும். வெளுத்த காயை மண்டியில் யாரும் தொடமாட்டார்கள். பூசா சவானி 1950-களின் இறுதியில் வந்தபோது இதைத் தாங்கிய ரகம், நாடெங்கும் பரவியதும் அதனால்தான். போகப் போக அந்தத் தாங்கும் குணம் கைவிட்டது. வைரஸும் மாறுகிறது, வெள்ளை ஈயின் எண்ணிக்கையும் மாறுகிறது. காட்டு இனங்களைத் தேடிப் போக வேண்டிய தேவை அங்கிருந்துதான் வந்தது.

முந்திக் காய்க்கும் குணத்தின் மதிப்பு இந்த நோயோடு சேர்த்துப் பார்த்தால்தான் முழுமையாகப் புரியும். 1974-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வின்படி, முளைத்து 20 நாளுக்குள் நோய் வந்தால் விளைச்சலில் 94 சதவீதம் போய்விடும். 50-ஆம் நாளில் வந்தால் 84 சதவீதம் போகும். 65-ஆம் நாளில் வந்தால் இழப்பு 49 சதவீதம். கடைசி இரண்டு எண்களுக்கும் இடையில் இருப்பது வெறும் 15 நாள். அதற்குள் 35 சதவீத விளைச்சல் தப்பிக்கிறது. முந்திய செடி நோயை எதிர்ப்பதில்லை, நோய் வந்து சேரும் முன் கொஞ்சம் காயைக் கொடுத்துவிடுகிறது. மாசியில் விதைத்து வெயிலில் காய்க்க விடும் வயல்களில் வெள்ளை ஈயின் தொல்லை அதிகம். அந்தப் பருவத்துக்கு நோய் தாங்கும் குணமும் முந்தும் குணமும் சேர்ந்த ஒட்டுதான் வேண்டும், எண்ணிக்கையில் மட்டும் மிஞ்சும் ஒட்டு போதாது.

ஒட்டு வீரியத்தின் எண் ஊருக்கு ஊர் மாறும் என்பதும் இதோடு சேர்ந்தது. வெண்டை, பகல் குறுகினால் சீக்கிரம் பூக்கும் இயல்புடையது. டெல்லியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். மதுரையில் அது ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். வடக்கே ஜூன் மாதத்து நீண்ட பகலில் பிந்திப் பூக்கும் ரகமும் இங்கே பிந்தாமல் பூக்கலாம். அங்கே ஒட்டுக்கும் ரகத்துக்கும் இருந்த பெரிய இடைவெளி இங்கே சுருங்கிப்போகவும் வாய்ப்பு உண்டு. வடநாட்டு வயலில் அளந்த முந்தும் சதவீதத்தை அப்படியே வைத்துக்கொண்டு உசிலம்பட்டியில் விதை வாங்குவது சரியான கணக்கு ஆகாது. நம் கரிசலிலும் செவலிலும், நம் பருவத்தில் அளந்த எண்தான் நமக்கு எண்.

இனி விலை. ஒட்டு விதை ஏன் இவ்வளவு விலை என்று கேட்காதவர்கள் இல்லை. அதைக் கையால் செய்கிறார்கள் என்பதுதான் பதிலின் பெரும் பகுதி. வெண்டைப் பூவில் மகரந்தப் பைகள் சூல்தண்டைச் சுற்றி ஒரு குழலாக ஒட்டியிருக்கும். மறுநாள் காலை விரியப்போகும் மொட்டை முதல்நாள் மாலையே கண்டுபிடித்து, புற இதழை நகத்தால் வட்டமாகக் கீறி, இதழ்களோடு உருவி, மகரந்தப் பைகளைச் சுரண்டி எடுத்து, பூச்சி அண்டாமல் தாள் உறை போட்டு மூட வேண்டும். மறுநாள் காலை ஆண் வரிசையின் பூக்களைப் பறித்து வந்து, உறையை நீக்கி, சூல்முடியில் மகரந்தம் தடவி, அடையாள நூல் கட்ட வேண்டும். ஒரு மொட்டைத் தவறவிட்டால் அது தானே கருவுற்று, தாய் ரகத்து விதையாகவே முற்றிவிடும். கர்நாடகத்தின் ராணிபென்னூர்ப் பக்கம் காய்கறி ஒட்டு விதை உற்பத்தி பெரிய தொழிலாகவே நடக்கிறது. இந்த நுணுக்கமான வேலையைச் செய்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

கணக்கு இப்படி வருகிறது. ஒரு கிலோவில் சுமார் 15,000 வெண்டை விதைகள். கைச்சேர்க்கையில் ஒரு காய்க்கு 50 விதை கிடைத்தால், ஒரு கிலோ விதைக்கு 300 பூக்களைக் கையால் கையாள வேண்டும். எல்லாப் பூவும் பிஞ்சு பிடிப்பதில்லை, ஆகவே உண்மையில் இன்னும் அதிகம். ஒட்டுக்கு ஹெக்டேருக்கு 2.5 கிலோ விதை பரிந்துரை, அதாவது ஏக்கருக்கு ஒரு கிலோ. சாதாரண ரகத்துக்கு ஏக்கருக்கு 3 கிலோவுக்கு மேல் ஆகும். ஏக்கர் வெண்டைக்குப் பின்னால் குறைந்தது 300 மொட்டுகளை யாரோ ஒருவர் விரலால் திறந்திருக்கிறார் என்பது விலைச்சீட்டில் தெரிவதில்லை. ஒரு பூவுக்கு 50 விதை என்பதால்தான் இந்த உழைப்பு கட்டுப்படியாகிறது. ஒரு பூவுக்கு ஒரே விதை தரும் நெல்லில் கையால் ஒட்டு விதை செய்ய வழியே இல்லை, நல்ல மகரந்தம் உண்டாகாத ஆண்மலட்டு வரிசைகளை நம்ப வேண்டியிருக்கிறது. வெண்டையின் உறவான பருத்தியில், 1970-இல் சூரத்தில் சி.டி. படேல் எச்-4 என்ற உலகின் முதல் வணிகப் பருத்தி ஒட்டை வெளியிட முடிந்ததும் இதே கைச்சேர்க்கை முறையால்தான். வெண்டையிலும் ஆண்மலட்டுத் தன்மையைப் பயன்படுத்தும் முயற்சிகள் நடக்கின்றன. அது நடைமுறைக்கு வந்தால் மாலை நேரத்து வேலை மிச்சமாகும், விலையும் இறங்க வாய்ப்பு உண்டு.

வாங்கிய ஒட்டிலிருந்து விதை எடுத்து மறுபருவம் விதைக்கலாமா? 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், தன் வயலில் விளைந்த விதையைச் சேமித்து விதைக்கும் உரிமையை விவசாயிக்குத் தருகிறது. சட்டத்தில் தடை இல்லை. ஆனால் இரண்டாம் தலைமுறையில், வேறுபட்ட பிரதிகள் சேர்ந்திருந்த இடங்களில் பாதி மறுபடி ஒரே மாதிரி ஆகிவிடும். வீரியம் அந்த அளவுக்கு இறங்கும். அதைவிடத் தொல்லை, வயல் சீராக இருக்காது. ஒரு செடி 40 நாளில் பூக்கும், பக்கத்துச் செடி 47 நாளில். ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, காயின் பச்சையும் ஒன்றுபோல் இராது. எடுப்புக்கு ஆள் விட்டு வேலை வாங்குகிற வயலில் இது பெரிய நஷ்டம். ஆனால் கொஞ்சம் நிலமும் பொறுமையும் இருப்பவருக்கு அந்தக் கலவைக்குள்தான் புதையல். பெற்றோர் இருவரையும் மிஞ்சும் செடிகள் ஒன்றிரண்டு அதில் இருக்கும். அவற்றை அடையாளம் கண்டு, ஐந்தாறு தலைமுறை தனித்தனியே விதையெடுத்துத் தேர்ந்தால் தூய ரகம் கிடைக்கும். முன்னே சொன்ன முதல் விளக்கம் வெண்டைக்குப் பெருமளவு பொருந்துகிறது என்று நம்புவதால், நம் பொது ஆராய்ச்சி நிலையங்கள் ஒட்டு வெளியிடுவதோடு நிற்காமல், ஒவ்வொரு நல்ல ஒட்டின் பின்தலைமுறையிலும் இந்த வேலையை விடாமல் செய்ய வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். விதையை மறுபடி விதைக்க முடிவது சிறு விவசாயிக்குப் பெரிய பாதுகாப்பு.

வீரியத்துக்குத் தீனி வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சாதாரண ரகத்துக்கு ஹெக்டேருக்கு 25 டன் தொழுவுரம் பரிந்துரை என்றால் ஒட்டுக்கு 40 டன். தழை, மணி, சாம்பல் சத்துக்கள் ஒட்டுக்கு 200:100:100 கிலோ. ரகத்துக்குத் தழைச்சத்தே மேலுரத்தோடு சேர்த்து 40 கிலோதான். இந்தத் தீனியும் தண்ணீரும் கொடுத்தால் ஹெக்டேருக்கு 20 முதல் 25 டன் வரை ஒட்டில் எதிர்பார்க்கலாம், ரகத்தில் 12 முதல் 15 டன். கொடுக்காவிட்டால் இடைவெளி சுருங்கிவிடும். கிணறு பங்குனியிலேயே இறங்கிவிடும் வயலில், 60 செ.மீ. இடைவெளியில் நடும் பெரிய ஒட்டைவிட, சீக்கிரம் காய்த்துச் சீக்கிரம் முடியும் ரகமோ ஒட்டோ போட்டு, கிடைக்கும் தண்ணீருக்குள் அறுவடையை முடிப்பதுதான் புத்திசாலித்தனம். ஏக்கருக்கு எத்தனை கிலோ என்று பார்ப்பதைவிட ஒரு தண்ணிக்கு எத்தனை கிலோ என்று பார்க்க வேண்டிய நிலம் அது.

எந்தப் புது ஒட்டையும் முழு நிலத்தில் போடும் முன் ஐந்து செண்டில் போட்டுப் பார்ப்பது நல்லது. பக்கத்திலேயே, வழக்கமாக விதைக்கும் ரகத்தை அதே நாளில், அதே உரத்தோடு இன்னொரு ஐந்து செண்டில் விதைக்க வேண்டும். ஒரு நோட்டில் நான்கே விஷயங்கள் எழுதினால் போதும். முதல் எடுப்பின் தேதி, ஒவ்வொரு எடுப்பிலும் எடை, மஞ்சள் தேமல் முதலில் தெரிந்த நாள், கடைசி எடுப்பின் தேதி. ஒட்டு எத்தனை நாள் முந்தியது, முதல் பத்து எடுப்பில் எவ்வளவு கூடுதல், மொத்தத்தில் எவ்வளவு கூடுதல் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும். இரண்டு பாத்தியிலும் வயலின் ஓர வரிசைகளை எடையில் சேர்க்கக் கூடாது. ஓரச் செடிகளுக்கு வெயிலும் இடமும் கூடுதலாகக் கிடைப்பதால், எந்த ரகமாக இருந்தாலும் அவை உள்ளே இருப்பவற்றைவிட அதிகமாகத்தான் காய்க்கும்.